நூத்துக்கு நூறு வாங்குத வழி

வா மருமவனே, வா. கக்கத்துல என்ன நோட்டு? தறிக் கணக்கா? இல்லியா? அடடே, பள்ளிக்கூடக் கணக்கா! கொண்டா பாப்போம். ஸ்கேல் வச்சுக் கோடு கிழிச்சிருக்க. சிவப்பு மை ஒரு பக்கம், பச்சை மை ஒரு பக்கம். நம்ம சங்கரன்கோவில்ல ஆரம்பிச்சு கரிவலம்வந்தநல்லூர், திருவேங்கடம், குருவிகுளம், புளியங்குடி வரைக்கும் ஒரு பள்ளிக்கூடத்த நீ விடல. பேரு, பத்தாங்கிளாஸ் சதவீதம், பிளஸ் டூ சதவீதம், ஃபீஸு, வேன் வருமா வராதா, கடைசிக் கட்டத்துல ரேங்க். இம்புட்டு நறுவிசா நீ பத்தாவது படிக்கையில ஒரு கிராஃப் போட்டிருந்தா, கணக்குப் பரீச்சைக்கு ரெண்டாவது அட்டெம்ப்ட் போயிருக்க வேண்டாம்.

மூஞ்சியத் தூக்காத. மெச்சித்தான் சொல்லுதேன். கவுர்மெண்டே கைகழுவுன சோலிய நீ தனியாளா எடுத்துச் செஞ்சிருக்கியே, லேசா? 2016 வரைக்கும் ரிசல்ட் வந்த அன்னைக்கு மாநிலத்துல முதலிடம், ரெண்டாமிடம், மூணாமிடம்னு பேரு வாசிப்பாக. மறுநாள் பேப்பர்ல பிள்ளை வாயில அப்பா லட்டு ஊட்டுத போட்டோ வரும். ஒரு மார்க்குல கோட்டை விட்ட பிள்ளை அந்த லட்டப் பாத்துக்கிட்டே பட்டினி கெடக்கும். பிள்ளைக மனசு கெடுதுன்னு 2017 மே மாசத்துலேர்ந்து ரேங்க் அறிவிக்கதயே நிறுத்திட்டாக. நல்ல காரியந்தான். ஆனா கவுர்மெண்டு எந்திரிச்ச நாற்காலில ஃப்ளெக்ஸ் கடைக்காரன் ஒக்காந்துட்டான். இப்போ நீயும் ஒரு ஸ்டூலப் போட்டு அவன் பக்கத்துல ஒக்காந்திருக்க.

ஒன்னயும் குத்தஞ்சொல்ல முடியாது. ரேங்க் சண்டை நம்ம ஊரு மண்ணுல ஊறுனது. சங்கன், பதுமன்னு ரெண்டு நாகராசாக்கமாரு, சிவன் பெருசா பெருமாள் பெருசான்னு மல்லுக்கட்டிக்கிட்டு நம்ம கோயில் கோமதி அம்மன்கிட்ட பஞ்சாயத்துக்கு வந்தாகளாம்லா. அம்மா சட்டுனு தீர்ப்புச் சொல்லல, பாத்தியா. தவசு இருந்தா. கடைசில சாமி பாதி அவராவும் பாதி இவராவும் வந்து நின்னுச்சு. அதத்தான் வருசா வருசம் ஆடித்தவசுன்னு கூட்டத்துல நசுங்கி நசுங்கிப் பாக்கோம். ரெண்டு பேருல யாரு பெருசுன்னு சொல்ல தெய்வமே தவசு இருக்க வேண்டியதாப் போச்சு. நீ என்னடான்னா முப்பது பள்ளிக்கூடத்துக்கு ஒரு சாயங்காலத்துல ரேங்க் போட்டுட்டு வந்து நிக்க. கெட்டிக்காரன்யா நீ.

சரி, மொதல் ரேங்க் எது? ஆங், இதுவா. நூத்துக்கு நூறு. அதுக்கு நேரா மூணு ஸ்டார் வேற. இந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் பிள்ளையக் கொண்டுபோயிச் சேக்கணும்னு மருமவ சொல்லுதாளா? அங்க டை கட்டி விடுதாகளாமா? சரி சரி. நான் ஒண்ணு சொல்லுதேன் கேளு. நூறு வாங்குத பள்ளிக்கூடத்தத் தேடி நீ ஏன் வெயில்ல அலையணும்? நீயே ஒண்ணு ஆரம்பிச்சிரு. நூத்துக்கு நூறு வாங்குத வழிய நான் சொல்லித் தாரேன். வாத்தியாரு கெட்டிக்காரரா இருக்கணும்னுகூட இல்ல.

மொதல் வழி, வாசல்லயே இருக்கு. சேக்க வார பிள்ளைக்கு ஒரு சின்னப் பரீச்சை வையி. பரீச்சை வச்சுச் சேக்கக் கூடாதுன்னு 2009-லயே கல்வி உரிமைச் சட்டம் சொல்லிட்டு. அதனால பரீச்சைன்னு சொல்லாத. "சும்மா பிள்ளைகிட்டப் பேசிப் பாத்தோம்"னு சொல்லு. அப்பன் என்ன வேலை, ஆத்தா எம்புட்டுப் படிச்சிருக்கான்னும் சும்மாவே கேட்டு வச்சுக்கோ.

ரெண்டாவது வழி ஒம்பதாங்கிளாஸ்ல இருக்கு. பத்தாவதுல தோப்பான்னு நீ சந்தேகப்படுத பயலோட அப்பனக் கூப்பிடு. மின்விசிறியப் போட்டு ஒக்கார வையி. "ஒங்க பையன் தங்கமான பையன். எங்க சூழல்தான் அவனுக்கு ஒத்து வரல. வேற எடத்துல நல்லா வருவான்"னு தேன் தடவிச் சொல்லிட்டு டி.சி.யக் கையில குடு. அந்த மனுசன் நன்றி சொல்லிட்டுப் போவான், பாரேன். அந்தப் பயல் ஜூன் மாசம் எங்க போயி நிப்பான்? வேற எங்க, கவுர்மெண்டு பள்ளிக்கூடத்துல. அங்க எடம் இல்லன்னு சொல்ல அவுகளால முடியாது. அவன் தோத்தா அந்தத் தோல்வி ஒங்கணக்குல வராது, அவுக கணக்குல வரும். ஒம் பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு ஏறும், பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு எறங்கும். ஒரே டி.சி., ரெண்டு லாபம்.

மூணாவது வழி, போக மாட்டேன்னு அடம் பிடிக்கதுகளுக்கு. "இந்த வருசம் தனித்தேர்வரா எழுதட்டும்"னு சொல்லிரு. பிள்ளை ஒம் பெஞ்சுல இருக்கும், ஃபீஸ் ஒங் கல்லாவுல இருக்கும், ரிசல்ட் மட்டும் ஒம் பேருல இருக்காது.

நாலாவது வழி, பாடத்துல கை வைக்கது. பத்தாங்கிளாஸ் புத்தகத்த ஒம்பதுலயே தொறந்திரு. பிளஸ் டூ புத்தகத்த பிளஸ் ஒன்லயே தொறந்திரு. பிளஸ் ஒன் புத்தகம் புதுசு மணம் மாறாம அலமாரில கெடக்கட்டும். இது பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. இந்தக் கூத்துக்காகத்தான் 2017-18 படிப்பு வருசத்துல பதினோராங்கிளாசுக்கும் பொதுத்தேர்வு கொண்டாந்தாக. 2025 ஆகஸ்ட்ல மாநிலக் கல்விக் கொள்கை வந்துச்சுல்லா, அதோட அந்தப் பரீச்சைய எடுத்துட்டாக. பிள்ளைகளுக்குப் பாரம் கொறைஞ்சது. அலமாரிக்கு மறுபடியும் பாரம் கூடுதான்னு பொறுத்துப் பாக்கணும்.

இப்போ புரியுதா? புளியங்குடி எலுமிச்சை மண்டிய நீ பாத்திருக்கயில்லா. ஒருத்தன் தோப்புலயே நின்னு ஒண்ணொண்ணாப் பொறுக்கிக் கூடை கட்டுதான். இன்னொருத்தன் காத்துல விழுந்தது, காய் பழம், மரத்துல இருந்தது எல்லாத்தையும் சாக்கோட வாங்கியாரான். மண்டில வந்து "எங்கூடைல ஒரு சொத்தை இல்ல, அவஞ் சாக்குல பத்து சொத்தை"ன்னு பொறுக்குனவன் மீசைய முறுக்குதான். நீ யாவாரம் தெரிஞ்சவந்தான, பழத்த வாங்கு. ஆனா அவன நல்ல சம்சாரின்னு சொல்லிராத. அவன் மரம் வளக்கல, பொறுக்குனான்.

எல்லாத் தனியார் பள்ளிக்கூடமும் இப்படின்னு நான் சொன்னதா வெளிய போயிச் சொல்லிராத. ஒழுங்காச் சொல்லிக் குடுக்கவுகளும் இருக்காக. ஆனா ஒன் நோட்டுல இருக்க கட்டத்த வச்சு, சொல்லிக் குடுத்தவுக யாரு, பொறுக்குனவுக யாருன்னு பிரிக்க முடியாது. ரெண்டும் நூறுன்னுதான் இருக்கும்.

கணக்கு வேணுமா? நான் வாசகசாலையில சும்மா தூங்கப் போறேன்னு நெனச்சியா? 2025 பத்தாங்கிளாஸ் ரிசல்ட்டு. தமிழ்நாடு முழுக்க 8,71,239 பிள்ளைக எழுதுனதுல 8,17,261 பேரு பாஸு. 93.80 சதவீதம். அத வகை பிரிச்சா கவுர்மெண்டு பள்ளிக்கூடம் 91.26, உதவி பெறுத பள்ளிக்கூடம் 93.63, தனியாரு 97.99. தனியாருக்கும் கவுர்மெண்டுக்கும் ஏழுக்குக் கொஞ்சம் கொறைச்ச வித்தியாசம். ஒருத்தர் வாசல்ல பொறுக்குதாரு. இன்னொருத்தரு வாசலே இல்லாத வீடு. தீப்பெட்டி ஆபீசுக்குப் போற ஆத்தா பிள்ளை, பீடி சுத்துத ஆத்தா பிள்ளை, தறில ராத்திரி ஷிப்ட் பாத்துட்டு வந்து ஒறங்குத அப்பன் பிள்ளை, ஒம்பதாவதுல டி.சி. வாங்கிட்டு வந்த பிள்ளை, எல்லாத்தையும் சாக்கோட எடுத்துக்கிட்டுப் போயும் அந்த வீடு நூத்துக்கு 91 கரையேத்திருக்கு. ரெண்டு பேருல யாரு வாத்தியாரு, சொல்லு பாப்போம்?

இன்னொண்ணு கேளு. அதே 2025-ல 4,917 பள்ளிக்கூடம் நூத்துக்கு நூறு. அதுல 1,867 கவுர்மெண்டு பள்ளிக்கூடம். ஒனக்கு ஏன் அது கண்ணுல படல தெரியுமா? அவுகளுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கத் துட்டு இல்ல. அடிச்சாலும் அதுல டை கட்டுன பிள்ளை இருக்காது. மருமவளுக்குப் பிடிக்காது.

சரி, இந்தப் பச்சை மையில வட்டம் போட்டிருக்கது என்ன? ஓ, நம்ம பக்கத்துல இருக்க ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியா. முந்துன வருசம் ஒன் நோட்டுல மொதல் ரேங்க், இந்த வருசம் பதினெட்டா. "தரம் எறங்கிட்டு"ன்னு பக்கத்துல எழுதி வேற வச்சிருக்க. தரம் எங்கயா எறங்குச்சு? அந்தப் பள்ளிக்கூடத்துல எழுதுனது எத்தனை பிள்ளை? இருபது. இருபதுல ஒரு பிள்ளை தோத்தா 95. ரெண்டு பிள்ளை தோத்தா 90. டவுனுக்குள்ள 400 பிள்ளை எழுதுத பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளை தோத்தா காலே காலு புள்ளிதான் கொறையும். கிராமத்துல ஒரு பயலுக்குக் கணக்குப் பரீச்சை அன்னைக்கு வயித்தால போனா, ஒன் நோட்டுல அந்த ஊரு வாத்தியாரு அம்புட்டு பேருக்கும் அறிவு போயிருது. வாத்தியாரு தகுதிய ஒரு பய வயித்துல கொண்டு போயி வச்சிருக்கயே, இது நாயமா?

அடுத்தது பாரு. பெண்கள் பள்ளிக்கூடம் எல்லாம் மேல இருக்கு, ஆம்பளப் பிள்ளைக பள்ளிக்கூடம் எல்லாம் கீழ இருக்கு. "பெண்கள் பள்ளியில் நிர்வாகம் நன்று" அப்படின்னு குறிப்பு. மருமவனே, மாநிலம் முழுக்க 2025-ல பத்தாவது பாசானதுல பொம்பளப் பிள்ளைக 95.88, ஆம்பளப் பிள்ளைக 91.74. வாத்தியாரு கிளாசுக்குள்ள கால் வைக்க முன்னாலயே நாலு புள்ளி வித்தியாசம் பெஞ்சுல ஒக்காந்திருக்கு. இத்தனைக்கும் அந்தப் பிள்ளைக காலையில வாசத் தெளிச்சு, தண்ணி எடுத்து, தம்பிய எழுப்பிக் குளிப்பாட்டிட்டுப் பள்ளிக்கூடம் வருது. அந்தத் தம்பி பஸ் ஸ்டாண்டுல நின்னு மீசை மொளைக்குதான்னு பாக்கான். நீயும் அங்கதான நின்ன.

வருசத்துக்கு வருசம் ஒப்பிட்டு அம்புக்குறி போட்டிருக்கியே, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. அழகா இருக்கு, கோலம் மாதிரி. ஆனா 2024-ல பத்தாங்கிளாஸ் கணக்குல நூத்துக்கு நூறு வாங்குன பிள்ளைக 20,691 பேரு. 2025-ல 1,996 பேரு. ஒரே வருசத்துல பத்துல ஒரு பங்காப் போச்சு. தமிழ்நாட்டுக் கணக்கு வாத்தியாரு எல்லாரும் ராவோட ராவா கணக்க மறந்துட்டாகளா? அதே ரெண்டு வருசத்துல அறிவியல்ல சென்டம் 5,104-லேர்ந்து 10,838 ஆச்சு. அறிவியல் வாத்தியாரு எல்லாரும் ராவோட ராவா ஐன்ஸ்டீன் ஆயிட்டாகளா? கேள்வித்தாளு ஒரு பக்கம் கெட்டியாச்சு, ஒரு பக்கம் இளகுச்சு. அம்புட்டுத்தான். கேள்வித்தாள் எடுத்தவரு பேனா அசைஞ்சதுக்கு நீ நம்ம ஊரு பள்ளிக்கூடத்துக்கு அம்புக்குறி போட்டிருக்க.

அப்படிப் பாத்தா இந்த மாநிலத்துலயே பெரிய வாத்தியாரு கொரோனாதான். 2020-லயும் 2021-லயும் பத்தாங்கிளாஸ் எல்லாரும் பாஸ். ஒரு பள்ளிக்கூடம் பாக்கியில்லாம நூத்துக்கு நூறு. பரீச்சையும் இல்ல, ஸ்பெஷல் கிளாசும் இல்ல. இந்த ரெண்டு வருசத்தையும் ஒன் நோட்டுல விட்டுட்டியே, ஏன்? கோலம் கெட்டுப் போகும்னா?

என்ன சொன்ன? மாவட்டத்தையாவது ஒப்பிடலாம்லான்னா? ஓ, தாராளமா. 2019 நவம்பர்ல திருநெல்வேலியப் பிரிச்சு தென்காசியத் தனி மாவட்டமாக்குனதுலேர்ந்து நமக்குன்னு ஒரு வரி பேப்பர்ல வருது. அந்த வரி மேல ஏறுதா கீழ எறங்குதான்னு சி.இ.ஓ. ஆபீஸ்ல மீட்டிங். வடக்க எல்லையத் தாண்டுனா விருதுநகர் மாவட்டம், பிளஸ் டூவுல பல வருசமா மாநிலத்துக்கே முதல்ல நின்ன மாவட்டம். 2025 பத்தாவதுல சிவகங்கை 98.31, விருதுநகர் 97.45. அந்தப் பக்கத்து ராஜபாளையம் ஆளுக பஸ்சுல ஏறி இங்க வாராக, ரிசல்ட்டு மட்டும் நம்ம பக்கம் வர மாட்டேங்குதேன்னு அதிகாரிகளுக்கு ஏக்கம். ஏக்கம் வந்தா என்ன செய்வாக? மேல இருக்கவரு கீழ இருக்கவர மீட்டிங்குல நிக்க வைப்பாரு. அவரு தலைமையாசிரியர நிக்க வைப்பாரு. அவரு கணக்கு வாத்தியாருக்கு மெமோ குடுப்பாரு. கணக்கு வாத்தியாரு யாருக்கு மெமோ குடுப்பாரு? பயலத்தான் நிக்க வைப்பாரு.

அங்கன இருந்துதான் சங்கதியே கெடுது. பாஸ் மார்க்கு 35. மெல்லக் கற்கும் மாணவர்னு ஒரு பட்டியல் போடுதாக. பட்டியல் போடுதது தப்பில்ல, பிள்ளைக்கு ஒத்தாசை வேணும்லா. அந்தப் பிள்ளை கையில மினிமம் மெட்டீரியல்னு நாலு தாளக் குடுத்து, "இத மட்டும் உருப்போடு, 35 வந்துரும்"னு சொல்லுதாக. பய சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஒக்காந்து உருப்போடுதான். பாசாகுதான். எல்லாரும் கை தட்டுதாக. ஜூன் மாசம் பிளஸ் ஒன் புத்தகத்தப் பிரிச்சா, நாலு தாளுக்கு வெளிய ஒலகம் இருக்கது அப்பத்தான் அவனுக்குத் தெரியுது. இன்னொரு பக்கம், 60 வாங்குத பய ஒருத்தன் இருக்கான். கொஞ்சம் தட்டிக் குடுத்தா 85 போவான். அவன் பக்கம் வாத்தியாரு திரும்ப மாட்டாரு. அவன் 60 வாங்குனாலும் ஒண்ணு, 85 வாங்குனாலும் ஒண்ணு, சதவீதத்துல ஒரு ஆளுதான். 33 வாங்குத பயதான் மாப்பிள்ளை. அவனச் சுத்தித்தான் மேளதாளம்.

இது நம்ம ஊரு கூத்துன்னு நெனச்சுச் சிரிக்காத. இங்கிலாந்துக்காரன் 1992-ல ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கூடத்தோட ரிசல்ட்டையும் வரிசை கட்டிப் போட ஆரம்பிச்சான். அஞ்சு பாடத்துல சி கிரேடோ அதுக்கு மேலயோ வாங்குனவன் எத்தனை பேருங்கதுதான் அவுக சதவீதம். என்ன ஆச்சு? டி வாங்கப் போறவன சி-க்கு ஏத்துததுலயே வாத்தியாரு உசுரு போச்சு. அதுக்கு மேல இருக்கவன், கீழ கெடக்கவன் ரெண்டு பேரும் அனாதை. பக்கத்துல இருக்க வேல்ஸ் நாடு 2001-ல இந்த வரிசையே வேண்டாம்னு விட்டுட்டு. இங்கிலாந்து வேற வழி தேடுச்சு. பிள்ளை சேரையில எங்க நின்னான், முடிக்கையில எங்க நிக்கான், நடுவுல எம்புட்டு தூரம் நடந்தான்னு பாத்துப் புள்ளி போடுத முறைய 2016-ல முக்கிய அளவுகோலா ஆக்குச்சு. அதுலயும் கோணல் உண்டு. ஆனா அதுக்கு முன்னால இருந்ததவிட நாயம். நம்ம பாட்டன் காலத்துலயும் இது நடந்திருக்கு மருமவனே. வெள்ளைக்காரன் ஆட்சில சென்னை மாகாணத்துல இன்ஸ்பெக்டர் வந்து பரீச்சை வச்சு, தேறுன தலைக்கு இம்புட்டுன்னு பள்ளிக்கூடத்துக்கு மானியம் குடுத்தாக. தலைக்கு விலை வச்சா வாத்தியாரு தலையத்தான எண்ணுவாரு, உள்ள என்ன இருக்குன்னு எங்க பாப்பாரு?

இன்னொரு கதை சொன்னா நீ நோட்ட மூடிருவ. பிசான்னு ஒரு பரீச்சை இருக்கு. திங்கத பீட்சா இல்ல. பல நாட்டுல 15 வயசுப் பிள்ளைகளுக்கு வைக்கது, நம்ம பத்தாங்கிளாஸ் வயசுதான். மனப்பாடம் செஞ்சத அதுல கேக்க மாட்டான். ஒரு பத்தியக் குடுத்து வாசிச்சுப் புரிஞ்சுக்கோம்பான், ஒரு படத்தப் பாத்துக் கணக்குச் சொல்லும்பான். 2009 சுத்தோட கூடுதல் பதிப்புல இந்தியாவுலேர்ந்து ரெண்டு மாநிலம் எழுதுச்சு. இமாசலப் பிரதேசமும், சாச்சாத் நம்ம தமிழ்நாடும். 2011 டிசம்பர்ல ரிசல்ட்டு வந்துச்சு. 74 எடத்துல நம்ம ரெண்டு பேரும் கிர்கிஸ்தானோட சேந்து கடைசி வரிசை. ஊரெல்லாம் நூத்துக்கு நூறுன்னு லட்டு குடுத்த மாநிலம், புதுசா ஒரு பத்தியக் குடுத்தவுடனே கண்ணு முழி பிதுங்கிட்டு.

அப்புறம் இந்தியா என்ன செஞ்சது? 2012, 2015, 2018 மூணு தடவையும் அந்தப் பரீச்சைப் பக்கமே போகல. 2019-ல சரி எழுதுதோம்னு கையெழுத்துப் போட்டாக. யார எழுத வைக்கலாம்னு யோசிச்சாக தெரியுமா? கேந்திரிய வித்யாலயா, நவோதயா, சண்டிகர். நாகர்கோவில்லயோ நம்ம குருவிகுளத்துலயோ இருக்க சாதாப் பள்ளிக்கூடம் இல்ல. பாத்தியா, டெல்லியும் தோப்புல நின்னு பொறுக்கத்தான் பாத்துருக்கு. கொரோனா வந்து பரீச்சை தள்ளிப் போயி, கடைசில அதையும் எழுதல. அப்படிப்பட்ட டெல்லியே பொறுக்கையில, நம்ம ஊரு கரஸ்பாண்டெண்டு பொறுக்குனா என்ன தப்புன்னு கேக்கியா? கேளு கேளு. ஒனக்குப் பள்ளிக்கூடம் நடத்துத லட்சணம் வந்துட்டு.

அப்போ ஒப்பிடவே கூடாதான்னு மொறைக்காத. ஒப்பிடு. வயித்துப் பிள்ளைக்கு எடம் தேடுதவன் ஒப்பிடாம என்ன செய்வான்? ஆனா நோட்டுல இருக்க கட்டத்த அழிச்சுட்டு வேற கட்டம் போடு. நான் சொல்லச் சொல்ல எழுது. பேனா இருக்குல்லா?

மொதல் கட்டம். ஒம்பதாங்கிளாஸ் ஆரம்பத்துல ரிஜிஸ்டர்ல எத்தனை பேரு, பத்தாங்கிளாஸ் ஹால் டிக்கெட்டு எத்தனை பேருக்கு வந்துச்சு? நூறு பேரு இருந்த எடத்துல எழுவது பேரு எழுதி எழுவதும் பாஸ்னா, அது நூறு சதவீதம் இல்லய்யா, எழுவது. மிச்சம் முப்பது பேரு எங்கன்னு கேளு. பதில் சொல்லுதவரு மொகத்தப் பாரு. ரேங்க் அங்க தெரியும்.

ரெண்டாவது கட்டம். கணக்குக்கும் அறிவியலுக்கும் இங்கிலீசுக்கும் ஆளு இருக்காகளா? கவுன்சிலிங்ல மாறுதல் வாங்கிட்டுப் போன எடத்துக்கு ஆளு வந்தாச்சா, இல்ல தமிழய்யாதான் கணக்கு எடுக்காரா? தனியாருன்னா வருசத்துக்கு எத்தனை வாத்தியாரு மாறுதாகன்னு கேளு. தை மாசம் ஒருத்தர், ஆனி மாசம் ஒருத்தர்னா, கட்டடந்தான் நெரந்தரம்னு அர்த்தம்.

மூணாவது கட்டம். லேப் சாவி யார்கிட்ட இருக்கு? தலைமையாசிரியர் மேசை டிராயர்ல துரு ஏறிக் கெடந்தா ஒரு மார்க்கு. பிள்ளைக கை பட்டுப் பளபளன்னு இருந்தா பத்து மார்க்கு. லைப்ரரிப் புத்தகத்துலயும் இதே சோதனைதான். கிழிஞ்ச புத்தகம் இருந்தா சந்தோசப்படு. யாரோ படிச்சிருக்காக.

நாலாவது கட்டம். ரெண்டு வருசத்துக்கு முன்னால பாசானவுக இப்போ எங்க? பத்தாவதுல 480 வாங்கி ஃப்ளெக்ஸ்ல சிரிச்சவன் இப்போ என்ன படிக்கான்? பாடத்துக்கு 36 வாங்குனவன் ஐ.டி.ஐ.ல சேந்து வெல்டிங் கத்துக்கிட்டானா, இல்ல வீட்டுல படுத்துக் கெடக்கானா? அந்த விவரம் வச்சிருக்க பள்ளிக்கூடம் பிள்ளைய நெனச்சுக்கிட்டிருக்குன்னு அர்த்தம்.

அஞ்சாவது கட்டம், ஒன் ஃபீஸ் கட்டத்துக்குப் பக்கத்துலயே போடு. கவுர்மெண்டு பள்ளிக்கூடத்துல ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் படிச்ச பிள்ளைக்கு 2020-லேர்ந்து மருத்துவப் படிப்புல 7.5 சதவீதம் உள்ஒதுக்கீடு. அப்படிப் படிச்சுக் காலேஜுக்குப் போற பொம்பளப் பிள்ளைக்கு 2022-லேர்ந்து புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூவா, பயலுகளுக்கு 2024-லேர்ந்து தமிழ்ப்புதல்வன்ல அதே 1,000. நீ வேனுக்கும் டைக்கும் குடுக்கப் போறதக் கூட்டி, வரப் போறதக் கழிச்சுப் பாரு. இந்தக் கழித்தலாவது மொதல் அட்டெம்ப்ட்ல வரட்டும்.

கடைசிக் கட்டம். இது பள்ளிக்கூடத்துக்கு இல்ல, ஒனக்கு. ஒம் மவளுக்குக் கணக்கு எடுக்க டீச்சர் பேரு என்ன? யோசிக்காத, பட்டுனு சொல்லு. ம்? தெரியலயா? பாவு நூல் எந்த மில்லுலேர்ந்து வந்துச்சு, எந்தத் தறில எந்த ஆளு ஒரு மணி நேரம் கூட ஒறங்குதான், எல்லாம் ஒனக்கு அத்துப்படி. முப்பது பள்ளிக்கூடத்துச் சதவீதமும் விரல் நுனில இருக்கு. பிள்ளை போற பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர் பேரு தெரியல. கவுர்மெண்டு பள்ளிக்கூடத்துல பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா? சட்டத்துல இருக்கது. அதுல பெத்தவுகதான் அதிகம், தலைமையும் பெத்தவுகதான். கூட்டத்துக்கு வாங்கன்னு சீட்டு வந்தா மருமவ அத வச்சு அடுப்பு பத்த வைக்கா. கூட்டத்துக்கு ஆளு இல்லாம ஹெட்மாஸ்டரு காபி வாங்கிட்டு வந்த பையன ஒக்கார வச்சுக் கையெழுத்து வாங்குதாரு. அங்க போயி "கணக்கு வாத்தியாரு இல்லியே"ன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா, இந்த நோட்டுக்குச் செலவழிச்ச நேரத்துல பாதில வேலை முடிஞ்சிருக்கும்.

நான் சொன்னதுக்காக மவள மாத்தாதன்னு இல்ல, மாத்துன்னும் இல்ல. ஒம் பிள்ளை, ஒம் பாடு. விசாரிச்சுட்டு எங்க வேணும்னாலும் சேத்து விடு. ஆனா எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் அங்க ஒரு சேதி சொல்லிரு. "ஒம்பதாங்கிளாஸ்ல சேந்த அம்புட்டு பேரும் எங்க பள்ளியிலேயே பத்தாவது எழுதினார்கள், ஒருத்தரையும் வெளிய அனுப்பல"ன்னு எந்தப் பள்ளிக்கூடம் ஃப்ளெக்ஸ் வைக்குதோ, அதுக்கு அச்சடிக்கத் துட்டு எங்கையிலேர்ந்து தாரேன். சதவீதம் எம்புட்டுன்னு நான் கேக்க மாட்டேன். மேலரத வீதி முக்குல, பஸ்சுல போறவனுக்கும் தெரியுத மாதிரி பெருசா வைக்கட்டும். ஒரே ஒரு கண்டிசன், மூலையில எம் போட்டோவும் இருக்கணும். சும்மாவா துட்டு தருவான் ஒம் மாமன்?